பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குமுன் ஐந்தொகை எடுத்துப் பாருங்கள்

காரைக்குடிப் பக்கம் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று விலைக்கு வருகிறது என்று காதில் விழுந்ததும், எல்லோரும் முதலில் விசாரிப்பது "என்ன விலை சொல்றாங்க?" என்றுதான். கேட்பதில் தப்பில்லை. ஆனால் 50, 60 வருடத்து வண்டியில் அந்த விலை கணக்கின் முதல் வரி மட்டும்தான். பேப்பரை உங்கள் பெயருக்கு மாற்றி, வண்டியைச் சாலைக்குக் கொண்டுவந்து, ஐந்து வருடம் வைத்து ஓட்ட என்ன ஆகும் என்பதையும் சேர்த்தால் வருவதுதான் அடக்க விலை. அதை எப்படிக் கணக்கிடுவது என்பதுதான் இந்தக் கட்டுரை. இந்த ஆசைக்குள் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். கார் பற்றி ஒன்றும் தெரியாது என்றாலும் சரி, படிக்கலாம்.

ரங்கூனிலும் பினாங்கிலும் கடை வைத்து, பேரேடும் குறிப்பேடும் எழுதி, வருடம் முடிந்தால் ஐந்தொகை, அதாவது இருப்புநிலைக் கணக்கு, எடுத்துப் பார்த்த செட்டிநாட்டு ஊர்கள் இவை. காருக்கும் அதே பழக்கம் போதும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் பார்க்க வேண்டியது பேப்பர். அடுத்தது துரு. இன்ஜின் அதற்கும் அப்புறம்தான். புதியவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பானட்டைத் திறக்கிறார்கள், சத்தத்தைக் கேட்டு மயங்குகிறார்கள், ஆர்சி புத்தகத்தை அட்வான்ஸ் கொடுத்த பிறகு கேட்கிறார்கள்.

எந்த வண்டிகளைப் பற்றிப் பேசுகிறோம்

இரண்டு பேர் உட்காரும், தாழ்வான, பெரும்பாலும் துணிக் கூரை போட்ட கார்களைத்தான் இங்கே ஸ்போர்ட்ஸ் கார் என்கிறேன். எம்ஜி என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் டிசி மாடல் 1945 முதல் 1949 வரை வந்தது. அதன் அடுத்த மாடல் டிடி 1950 முதல் 1953 வரை. எம்ஜிபி 1962-ல் தொடங்கி 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 5 லட்சத்துக்கு மேல் தயாரானது. இன்னொரு பிரிட்டிஷ் காரான டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரும் அதே 1962-ல் தொடங்கி 1980-ல் நின்றது. அது 3 லட்சத்துக்கு மேல்.

எத்தனை தயாரானது என்பதை ஏன் பார்க்க வேண்டும்? நிறைய விற்ற வண்டிக்குத்தான் இன்றும் உதிரிபாகம் செய்கிறார்கள். எம்ஜிபிக்கு முழு பாடி ஷெல்லையே 1988 முதல் பிரிட்டனில் புதிதாகச் செய்து விற்கிறார்கள். "இது ரொம்ப அபூர்வமான வண்டி" என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், உதிரிபாகமும் அந்த அளவுக்கு அபூர்வம் என்று கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்ஜினை மூன்றாவதாக வைத்ததற்குக் காரணம் நம் ஊர்த் தெருக்களிலேயே இருக்கிறது. அம்பாசடரில் பல வருடம் ஓடிய 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், பிஎம்சி என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் பி-சீரிஸ் வகை. 1955-ல் வந்த எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரிலும் 1489 சிசி பி-சீரிஸ்தான். எம்ஜிபியில் இருப்பது அதே குடும்பத்தின் 1798 சிசி. தேவகோட்டையிலோ காரைக்குடியிலோ அம்பாசடரைப் பிரித்து மாட்டிப் பழகிய மூத்த மெக்கானிக் ஒருவர் எம்ஜிபி பானட்டைத் திறந்தால், அநேகமாக எல்லாம் அவருக்குப் பழக்கப்பட்டதாகவே இருக்கும். காற்றையும் பெட்ரோலையும் கலந்துகொடுக்கும் இரட்டை எஸ்யு கார்ப்பரேட்டரை ஒன்றுக்கொன்று சமமாக டியூன் செய்வதுதான் புதிது. ஸ்பிட்ஃபயரும் நமக்கு அந்நியமில்லை. அது டிரையம்ஃப் ஹெரால்ட் என்ற காரின் சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தை, குறுக்கிச் செய்த வண்டி. அந்த ஹெரால்டைச் சென்னைப் பக்கம் 1961 முதல் ஸ்டாண்டர்ட் கம்பெனி தயாரித்தது. எனவே இன்ஜின் கோளாறு என்பது பணத்தாலும் நல்ல கைகளாலும் சரியாகும் விஷயம். பேப்பரும் துருவும் அப்படியில்லை.

பேப்பர்

செட்டிநாட்டில் பழைய கார்கள் பெரும்பாலும் வியாபாரியிடமிருந்து வருவதில்லை, வீட்டிலிருந்து வருகின்றன. "எங்க ஐயா ஓட்டுன வண்டி, அப்பச்சி காலத்துல நின்னுபோச்சு" என்பார்கள். அதில் பொய் இருக்காது. ஆனால் ஆர்சி இன்னும் அந்த ஐயா, அதாவது தாத்தா, பெயரிலேயே இருக்கும். வீடு ஆறேழு புள்ளிகளுக்கு, அதாவது குடும்பங்களுக்கு, பொது என்றால் காருக்கும் அத்தனை பேர் உரிமையாளர்கள். ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் சென்னையில், ஒருவர் ஊரில். ஊரில் இருப்பவர் விற்கத் தயாராக இருப்பார். மற்றவர்களிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆகவே முதல் கேள்வியை மரியாதையாக, நேராகவே கேட்டுவிடுங்கள்: "ஆச்சி, ஆர்சி புக் யார் பேர்ல இருக்கு?" இறந்துபோனவர் பெயரில் இருந்தால், முதலில் படிவம் 31 மூலம் வாரிசு ஒருவர் பெயருக்கு வண்டி மாற வேண்டும். அதற்கு இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் எல்லாம் தேவைப்படும். அதன் பிறகுதான் வழக்கமான படிவம் 29, படிவம் 30 போட்டு உங்கள் பெயருக்கு. இந்த முதல் மாற்றத்தை விற்பவரே முடித்துத் தரட்டும். முடியும்வரை பணம் கைமாறக் கூடாது. இதில் நான் கறாராக இருப்பேன், நீங்களும் இருங்கள். பங்காளிகளுக்குள் வருகிற மனஸ்தாபத்தில் மாட்டிய வண்டி, வெயிலில் நின்று வீணாவதைப் பார்ப்பது வேதனை.

அடுத்தது, கையால் எழுதிய பழைய ஆர்சி. அதன் விவரங்கள் பரிவாகன் என்ற அரசு வாகன இணையதளத்தில் பல நேரம் ஏறியிருக்காது. எந்த அலுவலகத்தில் பதிவானதோ அங்கே பழைய பதிவேட்டைப் பார்த்துக் கணினியில் ஏற்றித்தர வேண்டும். எந்த அலுவலகம் என்பதிலும் கவனம் தேவை. கானாடுகாத்தான் சிவகங்கை மாவட்டம், டிஎன் 63. ராயவரமும் கோனாபட்டும் செட்டிநாட்டு ஊர்கள்தான், ஆனால் புதுக்கோட்டை மாவட்டம், டிஎன் 55. பழைய வண்டி இந்த எண்கள் வருவதற்கு முன்பே மெட்ராஸிலோ பெங்களூரிலோ பதிவாகியிருக்கலாம். வேறு மாநிலப் பதிவு என்றால் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று, அதாவது என்ஓசி, விற்பவர் வாங்கித்தர வேண்டும்.

பிறகு எண்கள். ஆர்சியில் உள்ள சேசிஸ் எண், இன்ஜின் எண் இரண்டையும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒவ்வோர் எழுத்தாக ஒத்துப் பாருங்கள். எண் மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரின்ட் எடுத்துக்கொள்வது நல்லது. இன்ஜின் எண் ஒத்துவரவில்லை என்றால் நடுவில் எப்போதோ இன்ஜின் மாறியிருக்கிறது. பெட்ரோல் செலவுக்குப் பயந்து பழைய கார்களில் டீசல் இன்ஜின் மாட்டுவது ஒரு காலத்தில் சாதாரணம். முறைப்படி அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் அது பதிவுச் சிக்கல். வண்டியின் மதிப்பும் இறங்கும். எம்ஜி, டிரையம்ஃப் போன்ற வண்டிகளுக்கு, தொழிற்சாலையிலிருந்து எந்த நிறத்தில், எந்த இன்ஜின் எண்ணோடு வெளியே வந்தது என்பதற்கு இங்கிலாந்தில் கேடன் என்ற ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் கட்டணம் வாங்கிக்கொண்டு சான்றிதழ் தருகிறது. பெரிய தொகை போடுகிறவர்களுக்கு இது பிரயோஜனமான செலவு.

விண்டேஜ் பதிவு பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். 2021-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்தபடி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, சொந்த உபயோகத்துக்கான, சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டியை விண்டேஜாகப் பதியலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி 10 வருடம், மறுபதிவுக்கு 5,000. புதிதாகப் பதியும் வண்டிக்கு நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துகளுக்குப் பின் ‘விஏ’ என்று வரும்; ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு. விண்டேஜ் பதிவு வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பராமரிப்புக்குக் கொண்டுபோக என்று சில காரியங்களுக்குத்தான் சாலைக்கு வரலாம்.

சாதாரணப் பதிவிலேயே வைத்துக்கொண்டால் 15 வருடத்துக்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும். 2022-ல் இதற்கான கட்டணம் காருக்கு 5,000, இறக்குமதிக் காருக்கு 40,000 என்று ஏறியது. 20 வருடம் தாண்டியவற்றுக்கு 2025-ல் 10,000, 80,000 என்று இரட்டிப்பானது. ஞாயிற்றுக்கிழமை காலையில் திருமயம் வரை ஓட்டிவர ஆசைப்படுகிறவர் இந்தத் தொகையைக் கணக்கில் எழுதிவிட்டுச் சாதாரணப் பதிவில் இருப்பதே சரி என்பது என் எண்ணம். வருடத்தில் இரண்டு ராலி போதும் என்பவருக்கு விண்டேஜ்.

துரு

துருவைப் பற்றிக் காரைக்குடியில் பேசும்போது சிக்ரியைச் சொல்லாமல் இருக்க முடியாது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அது. உலோக அரிமானம் அங்கே முக்கியமான ஆராய்ச்சித் துறை. மின்வேதியியலுக்கும் துருவுக்கும் என்ன சம்பந்தம் என்றால், துருப்பிடிப்பதே ஒரு மின்வேதி வேலைதான். இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குட்டி பேட்டரி உருவாகிறது. இரும்பின் ஒரு புள்ளி எலக்ட்ரானை விட்டுக் கரைகிறது, பக்கத்துப் புள்ளியில் ஆக்சிஜன் அந்த எலக்ட்ரானை வாங்கிக்கொள்கிறது. தண்ணீரில் உப்பு கலந்தால் மின்சாரம் சுலபமாகப் பாயும், துருவும் வேகமாக ஏறும். கடலோர வீட்டு வண்டியும் உள்நாட்டு வண்டியும் ஒரே வயதில் வேறு வேறு நிலையில் இருப்பது இதனால்தான்.

நம் பகுதி வறண்ட பூமி. சென்னைக் கடற்கரைச் சாலையில் வாழ்ந்த காரைவிட, இங்கே ஓட்டுக் கொட்டகையில் நின்ற கார் பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கும். ஆனால் இரண்டு விஷயம் இந்த நன்மையைக் கெடுத்துவிடும். ஒன்று, மண் தரை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய மண்ணின் ஈரம் தார்ப்பாய்க்குள்ளேயே தங்கி, வண்டியின் அடிப்பாகத்தை வருடக்கணக்கில் தின்னும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும். இன்னொன்று, எலி. சீட்டுப் பஞ்சில் கூடு கட்டி, வயரை எல்லாம் கடித்து வைத்திருக்கும்.

எங்கே பார்ப்பது? கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிப் பகுதியான சில், மிதியடிக்குக் கீழே தரைத் தகடு, சக்கர வளைவு, பேட்டரி உட்காரும் தட்டு, டிக்கியின் அடி, கதவின் கீழ் விளிம்பு. எம்ஜிபிக்குத் தனி சேசிஸ் கிடையாது, பாடியே சேசிஸ். அதில் சில் போனால் வண்டியின் முதுகெலும்பே போச்சு. கதவைச் சாத்தி, கதவுக்கும் பாடிக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். அப்புறம் வண்டியின் ஒரு பக்கத்தை ஜாக்கியில் தூக்குங்கள். இடைவெளி மாறினாலோ கதவு திறக்க மறுத்தாலோ, சில் பலமிழந்துவிட்டது. ஸ்பிட்ஃபயர், ஹெரால்ட் போன்றவற்றுக்குத் தனி சேசிஸ் உண்டு. ஆனாலும் ஸ்பிட்ஃபயரில் சில்லும் பலம் தாங்கும் பகுதிதான். அங்கே சில்லோடு சேசிஸையும் கீழே படுத்து, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். நல்ல வேட்டியோடு போகாதீர்கள்.

காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். தகட்டில் ஒட்டும், டிங்கரிங் கடையில் பட்டி பூசி மறைத்த இடத்தில் ஒட்டாது, அல்லது தளர்வாக ஒட்டும். சின்னப் பள்ளத்துக்குப் பட்டி போடுவது தவறில்லை. சில் முழுவதும் பட்டி என்றால் அது ஏமாற்று வேலை.

புதுப் பெயின்ட் அடித்த வண்டியைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பொருள் வாங்கத் தெரிந்தவர்கள், நேற்று பாலிஷ் போட்டதைவிட வயது தெரிகிற பொருளுக்குத்தான் கூடுதல் விலை கொடுப்பார்கள். காரிலும் அப்படியே. மங்கிய பழைய பெயின்ட் அடியில் இருப்பதை மறைக்காது. விற்பதற்காக அவசரமாக அடித்த பெயின்ட் எதையெல்லாம் மூடியிருக்கிறதோ தெரியாது.

இன்ஜினும் மற்றதும்

பார்க்கப் போவதற்கு முதல் நாளே போன் செய்து, "அண்ணே, நான் வர்ற வரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ணாம வச்சிருங்க" என்று சொல்லுங்கள். ஆறிய இன்ஜின்தான் உண்மையைக் காட்டும். ஸ்டார்ட் ஆன பிறகு நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. கார்ப்பரேட்டர் சரிசெய்தால் போதும். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே இறங்குகிறது, ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். அரை மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். சித்திரை வெயிலில், காரைக்குடி கல்லுக்கட்டி நெரிசலில் நின்று நகரும்போது டெம்பரேச்சர் முள் எங்கே நிற்கிறது என்பது ரேடியேட்டரின் நிலைமையைச் சொல்லிவிடும். இன்ஜின் சூடான பிறகு ஆயில் பிரஷர் முள்ளையும் கவனியுங்கள். எம்ஜிபி ஓட்டத்தில் 50 பிஎஸ்ஐ பக்கத்தில் காட்டினால் நல்ல இன்ஜின்.

1967-க்கு முந்தைய எம்ஜிபியில் ஃபர்ஸ்ட் கியருக்குச் சிங்க்ரோமெஷ், அதாவது கியர் உரசாமல் சேர உதவும் அமைப்பு, கிடையாது. நகரும்போது ஃபர்ஸ்ட் போட்டால் கறகறவென்று சத்தம் வரும். அது பழுதில்லை, அதன் இயல்பு. அதே காலத்துப் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையைத்தான் பாடியில் கொடுத்திருப்பார்கள். தெரியாமல் மாற்றிக் கொடுத்தால் எலக்ட்ரிக்கல் பாகம் போய்விடும், மெக்கானிக்கிடம் முன்பே சொல்லுங்கள். ஆரம்பகால ஸ்பிட்ஃபயரின் பின் ஆக்சில் அமைப்பு, வளைவில் வேகமாகப் போய்த் திடீரென்று ஆக்சிலரேட்டரை விட்டால் வண்டியைச் சுழற்றிவிடும். இது உயிர் சம்பந்தப்பட்டது. ஓட்டிப் பழகும்வரை வளைவுகளில் நிதானமாகப் போங்கள்.

கம்பி வீல் இருந்தால் ஒவ்வொரு கம்பியையும் ஸ்பேனரால் தட்டிக் கேளுங்கள். தளர்ந்தது மந்தமாகச் சத்தம் போடும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 2314 என்றால் 2014-ம் வருடம் 23-வது வாரம் செய்தது. பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும், பத்து வருடம் தாண்டிய டயரில் நான் ஓட்ட மாட்டேன்.

பெட்ரோலையும் யோசிக்க வேண்டும். இப்போது பம்புகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் ஹோஸை உப்பவைத்து விரிசல் விழவைக்கும். எனவே பெட்ரோல் லைன், பம்பு டயாஃப்ரம், கார்ப்பரேட்டர் சீல் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றும் செலவு எந்தப் பழைய காருக்கும் உண்டு. இன்ஜின் சூட்டில் பெட்ரோல் கசிந்தால் வண்டி தீப்பிடிக்கும். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இனி கணக்கு

இரண்டு வண்டி இருப்பதாக வைத்துக்கொள்வோம். விளக்கத்துக்காக நானே போட்ட எண்கள் இவை. முதல் வண்டி ஓடுகிறது, பேப்பர் சுத்தம், விலை 12 லட்சம். இரண்டாவது கொட்டகையில் இருபது வருடமாக நிற்கிறது, விலை 6 லட்சம். பாதி விலை என்று மனம் இரண்டாவதன் பக்கம்தான் சாயும். சரி, எழுதிப் பார்ப்போம். முதல் வண்டிக்கு டயர், ஹோஸ், பிரேக் வேலை ஒரு லட்சம். மொத்தம் 13. இரண்டாவதற்கு சில் வெட்டி வெல்டிங் செய்து பெயின்ட் அடிக்க 4 லட்சம், இன்ஜின் 2 லட்சம், பிரேக், வயரிங், டயர், சீட் சேர்த்து 2 லட்சம், இங்கிலாந்திலிருந்து பாகம் வரவழைக்கச் சுங்க வரியோடு ஒன்றரை லட்சம். மொத்தம் பதினைந்தரை. அதற்கு மேல் இரண்டு வருடக் காத்திருப்பு. என் எண்களை எடுத்துவிட்டு, உங்கள் டிங்கரும் மெக்கானிக்கும் வண்டியைப் பார்த்துச் சொல்லும் தொகையை வைத்துப் பாருங்கள். பிரித்த பிறகு தெரியவரும் வேலைக்காக அதற்கு மேல் கால் பங்கு ஒதுக்குவது நல்லது.

முதல் வண்டியாக வாங்குகிறவர், ஓடுகிற வண்டியையே வாங்குங்கள். கொட்டகை வண்டியை எழுப்புவது அருமையான வேலை. ஆனால் அதை ஓட்டி ரசிக்கத் தெரிந்த பிறகு எடுக்க வேண்டிய வேலை.

வருடாந்தரச் செலவில் இன்ஷூரன்ஸ் பெரிதில்லை. விண்டேஜாகப் பதிவான காருக்கு மூன்றாம் நபர் பிரீமியத்தில் 50 சதவீதத் தள்ளுபடியே உண்டு. வண்டிக்கும் சேர்த்துக் காப்பீடு எடுத்தால், மதிப்பை நீங்களும் கம்பெனியும் பேசி முடிவுசெய்து பாலிசியில் எழுதிவாங்குங்கள். இடத்தையும் யோசியுங்கள். நம் வீடுகளின் உயரமான முகப்புப் படிக்கு மேல் எந்தக் காரும் ஏறாது. சிமெண்டுத் தரையும் காற்றோட்டமும் உள்ள கொட்டகை இல்லையென்றால் அந்தச் செலவும் பற்றுப் பக்கத்தில் வரட்டும்.

விலை ஏறும் என்ற நம்பிக்கையை வரவுப் பக்கத்தில் எழுதாதீர்கள். ஏறினால் சந்தோஷம். கணக்கு அது இல்லாமலே உங்களுக்குக் கட்டுப்படியாக வேண்டும். அப்படிக் கட்டுப்படியானால் தயங்காமல் வாங்குங்கள். இந்த வண்டிகளைப் புரிந்துகொண்ட மெக்கானிக்குகள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் வேலை கொடுப்பதும், பக்கத்தில் ஒரு பையனை நிறுத்திக் கற்றுக்கொள்ளச் செய்வதும் இந்தக் கார்களுக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி.

முடிவானதும் அட்வான்ஸுக்கு ரசீது, அதில் சேசிஸ் எண், மீதிப் பணம் எப்போது என்ற விவரம், இரு தரப்புக் கையெழுத்து. ஒரே மாநிலம் என்றால் விற்பவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் பெயர் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். வண்டியை ஓட்டிக்கொண்டு வராதீர்கள், லாரியில் ஏற்றி வாருங்கள். பிள்ளையார்பட்டிக்குப் பூஜைக்குக் கொண்டுபோவது பிரேக் சிலிண்டர், ஹோஸ், டயர் மாற்றிய பிறகு இருக்கட்டும். காரைக்குடியிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். முதல் ஓட்டத்துக்கு அந்தத் தூரம் சரியாக இருக்கும்.